பதினோரு அடி யாருக்கு?

(மேரிலாந்து மாநிலம் ராக்வில்லில் தமிழ் அன்பர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்குக்கு எப்படி வந்தீர்கள் என்று உங்களைக் கேட்க வேண்டியதே இல்லை. வெளியே கார் நிறுத்த இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் நானும் உள்ளே வந்தேன். முன்வரிசையில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரோ கூட்டிவந்தார்கள். திரும்பவும் யாரோ கூட்டிப்போக வேண்டும். மதுரையிலோ மாம்பலத்திலோ யார் தயவும் இல்லாமல் பஸ் ஏறி பேங்குக்கும் கோயிலுக்கும் போய்வந்தவர்கள், இங்கே வந்த ஆறு மாதமும் பின்கட்டு ஜன்னல் வழியாக மான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மகனும் மருமகளும் நல்லவர்கள்தான். சனிக்கிழமை வரும்வரை என்ன செய்வது?

மாண்ட்கமரி கவுண்ட்டியின் பி.ஆர்.டி. (பஸ் ரேபிட் டிரான்சிட்), அதாவது விரைவுப் பேருந்துத் திட்டத்தைப் பற்றிப் பேச அழைத்தபோது, அமைப்பாளர்கள் 'எதிர்காலப் பேருந்து' என்று ஏதோ தலைப்புக் கொடுத்தார்கள். பேருந்தைப் பற்றிப் பேச எனக்கு அதிகம் இல்லை. பேருந்து நல்ல பேருந்துதான், கடையில் விற்கிறது, வாங்கலாம். நான் பேச வந்தது சாலையின் அகலத்தைப் பற்றி. ஒரு லேன் என்பது பதினோரு அடி, சில இடங்களில் பன்னிரண்டு. அந்தப் பதினோரு அடி யாருக்கு என்பதுதான் இந்த மொத்தத் திட்டத்தின் கேள்வி. மற்றதெல்லாம் வண்ணமும் பெயர்ப்பலகையும்.

முதலில் நம் கவுண்ட்டியின் உருவத்தைப் பார்ப்போம். ஏறக்குறைய 500 சதுர மைல். 2020 கணக்கெடுப்பின்படி 10 லட்சத்து 62 ஆயிரம் பேர். தெற்கே தலைநகர் வாஷிங்டனை ஒட்டி பெதஸ்டாவும் சில்வர் ஸ்பிரிங்கும். வடக்கே போகப்போக ராக்வில், கெய்தர்ஸ்பர்க், ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க். 1964-இல் இங்கே ஒரு பொதுத் திட்டம் போட்டார்கள். பெருஞ்சாலைகளை ஒட்டிய நீண்ட பட்டைகளில் ஊர்கள் வளரட்டும், பட்டைகளுக்கு இடையே உள்ள நிலம் வயலும் காடுமாகவே இருக்கட்டும் என்பது அதன் சாரம். 1980-இல் சுமார் 93 ஆயிரம் ஏக்கரை, அதாவது கவுண்ட்டியில் மூன்றில் ஒரு பங்கை, விவசாயக் காப்பு நிலம் என்று ஒதுக்கினார்கள். இன்றும் பூல்ஸ்வில் பக்கம் போனால் சோளக்கொல்லை இருக்கிறதே, அது தற்செயல் அல்ல. அந்த ஊர்த்திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுவேன். ஆனால் அதில் சொல்லாமல் சொன்ன ஒரு நிபந்தனை இருந்தது. மக்களை ஒரு பட்டைக்குள் அடைத்தால் அந்தப் பட்டையில் ரயிலோ பேருந்தோ ஓட வேண்டும். வயலைக் காப்பாற்றிய பாதித் திட்டம் நிறைவேறியது. மறுபாதி அரைகுறையாக நின்றது.

மெட்ரோவின் சிவப்புத் தடம் வந்தது உண்மை. அது ஒரு 'யு' எழுத்து. ஒரு கால் ராக்வில் வழியாக ஷேடி குரோவ் வரை, 1984. இன்னொரு கால் சில்வர் ஸ்பிரிங், வீட்டன் வழியாக கிளென்மான்ட் வரை, 1998. இரண்டு காலும் கூடும் இடம் வாஷிங்டன் நகரின் நடுவில். வீட்டனிலிருந்து ராக்வில்லுக்கு, காகம் பறந்தால் ஏறக்குறைய ஆறு மைல். மெட்ரோவில் போனால் தெற்கே தலைநகருக்குள் போய் மறுபடி வடக்கே வர வேண்டும். வாஷிங்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காகப் போட்ட தடம் அது. கவுண்ட்டிக்குள்ளேயே வேலை, கவுண்ட்டிக்குள்ளேயே கல்லூரி, கவுண்ட்டிக்குள்ளேயே மருத்துவமனை என்று வாழ்கிறவர்களுக்கு அதனால் பயன் குறைவு.

கிழக்குப் பக்கம், யு.எஸ். 29 சாலை நெடுக, அதுவும் கிடையாது. ஒயிட் ஓக்கில் மத்திய அரசின் உணவு மருந்து நிர்வாகத் தலைமையகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். மெட்ரோ நிலையம் இல்லை. கோடி கோடியாகக் கொட்டி இன்னொரு சுரங்க ரயில் போடப் பணமும் இல்லை, அதற்குத் தேவையான ஜன நெருக்கமும் இல்லை. மிஞ்சுவது பேருந்து.

2008-இல் கவுண்ட்டி கவுன்சில் உறுப்பினர் மார்க் எல்ரிச் என்பவர் 120 மைல் நீளத்துக்கு ஒரு பேருந்து வலைப்பின்னல் வேண்டும் என்று பேசத் தொடங்கினார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். கண்மூடித்தனமான கட்டட வளர்ச்சியை எதிர்ப்பவர் என்றுதான் அவருக்குப் பெயர். கட்டடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எடுபடாது, போக்குவரத்துக்கு ஒரு வழி காட்ட வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்; இது என் ஊகம். அப்போது கவுண்ட்டி நிர்வாகத் தலைவராக இருந்தவர் ஐசாயா லெகெட். அவர் 2011-இல் ஒரு பணிக்குழு அமைத்தார். 2012-இல் அந்தக் குழு 160 மைலுக்கு, சுமார் 180 கோடி டாலரில், ஒரு வரைபடத்தோடு வந்தது. நூற்றிருபது, நூற்றறுபது ஆகிவிட்டது! குழு அமைத்தால் மைல் கூடும். இது உலக வழக்கம். ஒவ்வொரு உறுப்பினரும் தன் வட்டாரத்துக்கு ஒரு கோடு கேட்பார். காகிதத்தில் கோடு இழுக்கக் காசா, பணமா?

அதே சமயம் நியூயார்க்கில் தலைமையிடம் கொண்ட ஐ.டி.டி.பி. என்ற நிறுவனத்தையும் ஆய்வு செய்யச் சொன்னார்கள். உலகெங்கும் பி.ஆர்.டி. வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் அவர்கள். இவர்களாவது 'இன்னும் போடுங்கள்' என்று சொல்வார்கள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களோ பயணிகள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, கூட்டம் இருக்கும் சில தடங்களில் நன்றாகச் செய்யுங்கள் என்ற போக்கில் சொன்னார்கள். கடைசியில் 2013 நவம்பரில் கவுன்சில் ஒப்புதல் கொடுத்த திட்டத்தில் பத்துத் தடங்களும், ஏற்கெனவே மாநில அரசு வைத்திருந்த காரிடார் சிட்டீஸ் டிரான்சிட்வே என்ற தடமும் சேர்ந்து ஏறத்தாழ நூறு மைல் வந்தது.

அந்தத் திட்டம் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதில்தான் பலருக்குக் குழப்பம். அதில் கால அட்டவணை கிடையாது. நிதி கிடையாது. எந்தச் சாலையில் எந்தப் பகுதி எத்தனை அடி அகலம் இருக்க வேண்டும், எங்கே நிலையம் வரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இது சாதாரண விஷயமாகத் தோன்றும், இல்லை. நாளை ராக்வில் பைக்கில் ஒரு பழைய கடைவளாகத்தை இடித்துவிட்டு ஒருவர் பதினைந்து மாடி கட்ட அனுமதி கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஐயா, திட்டப்படி சாலைக்கு இன்னும் இத்தனை அடி வேண்டும், உங்கள் மனையின் முன்பக்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்' என்று சொல்லும் அதிகாரம் இந்தத் திட்டத்தால் வருகிறது. காசு கொடுத்து வாங்காமலே நிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஆனால் மனைக்காரர் எப்போது இடிப்பார் என்பது அவர் இஷ்டம். ஒருவர் இந்த வருஷம், அடுத்தவர் இருபது வருஷம் கழித்து. அதுவரை சாலை பல் விழுந்த வாய்போல இங்கே அகலம், அங்கே குறுகல் என்று இருக்கும்.

இன்னொரு சிக்கல். சாலையின் சொந்தக்காரர் கவுண்ட்டி அல்ல. 355 எண் கொண்ட ராக்வில் பைக், 586 எண் கொண்ட வீர்ஸ் மில் சாலை, ஜார்ஜியா அவென்யூ, நியூ ஹாம்ப்ஷயர் அவென்யூ, யூனிவர்சிட்டி பூல்வார்ட், யு.எஸ். 29 எல்லாமே மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். பத்துத் தடங்களில் பெரும்பாலானவை அடுத்தவர் நிலத்தில் போட்ட கோலம். சிக்னலில் பச்சை விளக்கு மூன்று விநாடி கூட எரிய வேண்டும் என்றாலும் மாநிலத்தின் ஒப்புதல் வர வேண்டும். மாநிலத்தின் சாலைப் பொறியாளருக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி போகிறது என்பதே கணக்கு. எத்தனை பேர் போகிறார்கள் என்ற கணக்கைக் கேட்கத் தொடங்கியது சமீப காலத்தில்தான். என் தொழிலும் அதுதான் என்பதால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் எல்லாரும் படித்த பாடப்புத்தகம் ஒன்று.

சரி, அந்தக் கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம். சிக்னல்கள் உள்ள ஒரு பெரிய சாலையில் ஒரு லேனில் மணிக்கு சுமார் 800 கார் போகும் என்று வையுங்கள். பாதி நேரம் சிவப்பு எரிகிறதே, அதனால் அவ்வளவுதான் முடியும். காலை நேரத்தில் பெரும்பாலான காரில் ஒரே ஆள். பத்துக் காருக்குப் பன்னிரண்டு பேர் என்று தாராளமாக வைத்தாலும் மணிக்கு 960 பேர். இப்போது அதே லேனைப் பேருந்துக்கு மட்டும் கொடுக்கிறோம். அறுபது அடி நீளப் பேருந்து. நடுவில் மடிப்பு வைத்தது, சென்னையில் வெஸ்டிபுல் பஸ் ஓடியதே, அந்த ரகம். உட்கார்ந்தும் நின்றும் 80 பேர் போகலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு நான்கு பேருந்து, 320 பேர். கார் ஜெயித்துவிட்டது. ஏழரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் 640. இப்போதும் கார்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, அதுவும் நிரம்பி வழிந்தால், 960. அப்போதுதான் தராசு சமமாகிறது.

பி.ஆர்.டி. ஆதரவாளர்கள் பலர் இந்தக் கணக்கை மேடையில் போடமாட்டார்கள். போட்டால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்ற பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை, ஏனென்றால் கணக்கு அங்கே முடியவில்லை. கார் லேன் 960-இல் நிரம்பிவிட்டது. இன்னும் ஒருவருக்குக்கூட அதில் இடமில்லை. பேருந்து லேனில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால் 2,400 பேர் போகலாம். வழியில் உள்ள மற்ற உள்ளூர்ப் பேருந்துகளையும் அதே லேனில் விடலாம், ஆம்புலன்ஸும் போகலாம். அடுத்த முப்பது வருஷத்துக்கு வளர இடம் இருப்பது பேருந்து லேனில் மட்டும்தான். அதே சமயம், இன்றைக்கு ஒரு பேருந்தில் பன்னிரண்டு பேர் போகிற சாலையில் ஒரு லேனைப் பறித்தால் அது நியாயமாகத் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐ.டி.டி.பி. சொன்னதன் உள்ளர்த்தம் அதுதான். நூறு மைலுக்கும் ஒரே மருந்து என்று எழுதாதீர்கள்.

இதில் கண்ணை ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால், உங்கள் காருக்குப் பக்கத்து லேனை அது சில விநாடிகளில் கடந்துவிடும். மீதி நாலே முக்கால் நிமிடமும் அந்த லேன் காலியாக இருக்கும். நெரிசலில் மாட்டிக்கொண்டு, காபி ஆறிப்போய், பக்கத்தில் வெறிச்சோடிக் கிடக்கும் லேனைப் பார்க்கிற மனிதருக்கு வயிறு எரியுமா, எரியாதா? டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு இப்படி ஒரு தடம் போட்டார்கள். பேருந்தில் போனவர்கள் எண்ணிக்கையில் அதிகம். காரில் போனவர்கள் சத்தத்தில் அதிகம். நீதிமன்றம் வரை போய், கடைசியில் அதைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள்.

2013-இல் நம் கவுன்சில் இந்த இடத்தில் என்ன செய்தது? ஏற்கெனவே உள்ள கார் லேனைப் பேருந்துக்கு மாற்றுவதா, வேண்டாமா என்ற முடிவை, ஒவ்வொரு தடத்தின் பொறியியல் ஆய்வு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தது. குறிப்பாக, வாஷிங்டனைச் சுற்றிவரும் பெல்ட்வே சாலைக்குத் தெற்கே, வீடுகள் சாலையை ஒட்டியிருக்கும் பகுதிகளில் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆக, வரைபடம் நிறைவேறியது, பதினோரு அடி நிலுவையில் நின்றது.

இப்போது உங்களை ஒரு பேருந்தில் ஏற்றுகிறேன். 2020 அக்டோபர் 14-ஆம் தேதி 'ஃபிளாஷ்' ஓடத் தொடங்கியது. மேரிலாந்து மாநிலத்தின் முதல் பி.ஆர்.டி. என்று சொல்லிக்கொள்கிறார்கள். பர்டன்ஸ்வில்லிலிருந்து சில்வர் ஸ்பிரிங் வரை 14 மைல், யு.எஸ். 29 வழியாக. பர்டன்ஸ்வில்லில் காரை நிறுத்திவிட்டு ஏறுங்கள். நிலையத்து மேடை பேருந்தின் தளத்தோடு சமமாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ள அம்மாவும் தள்ளுவண்டியோடு வரும் தாயும் ஒரே எட்டில் உள்ளே போகலாம். சைக்கிளை உள்ளேயே வைக்க இடம் உண்டு. டிக்கெட்டை நிலையத்திலேயே வாங்கும்படி அமைத்தார்கள். ஓட்டுநர் பக்கத்தில் ஒவ்வொருவராகச் சில்லறை போட்டால் ஆளுக்கு மூன்று நான்கு விநாடி, இருபது பேருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும் அல்லவா? (கவுண்ட்டியின் ரைடு ஆன் பேருந்துகளிலும் ஃபிளாஷிலும் 2025 ஜூன் கடைசியிலிருந்து கட்டணமே கிடையாது. அவ்வளவு யோசித்து வைத்த இயந்திரங்களுக்கு இப்போது வேலை இல்லை!)

வடபகுதியில் வண்டி சாலையின் ஷோல்டரில், அதாவது ஓரப்பாதையில், ஓடுகிறது. கார்கள் நிற்கும்போது நீங்கள் அவற்றைத் தாண்டிப் போகிறீர்கள். அந்த நேரத்தில் உள்ளே இருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஒயிட் ஓக்கை நெருங்கும்போது ஓரப்பாதை முடிகிறது. பேருந்து மற்ற கார்களோடு கலக்கிறது. பெல்ட்வேக்குப் பக்கத்தில், 29-உம் யூனிவர்சிட்டி பூல்வார்டும் சந்திக்கும் ஃபோர் கார்னர்ஸ் வருகிறது. அங்கே காலை எட்டரை மணிக்கு மாட்டியவர்கள் இந்த அரங்கிலேயே பாதிப்பேர் இருப்பீர்கள். அறுபது அடிப் பேருந்து ஒரு பழைய செடானுக்குப் பின்னால் நிற்கிறது. சிக்னலில் பேருந்துக்கு முன்னுரிமை தரும் கருவி இருக்கிறது. பேருந்து தாமதமானால் பச்சையைச் சில விநாடி நீட்டும். ஆனால் முன்னால் முப்பது கார் நின்றால் நீட்டிய பச்சை அந்தக் கார்களுக்குத்தான் போகிறது. 29-இன் தென்பகுதியான கோல்ஸ்வில் சாலையில் காலையில் ஒரு திசைக்கும் மாலையில் எதிர்த்திசைக்கும் மாற்றிவிடும் லேன்கள் இருக்கின்றன. காருக்காக தினம் இரண்டு முறை சாலையையே மாற்றி அமைக்கத் தெரிந்த ஊர் இது. பேருந்துக்காக ஒரு முறை மாற்ற முடியாது என்று சொன்னால் எப்படி?

சொந்த லேன் இல்லாத ஒன்றை பி.ஆர்.டி. என்று எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மத்திய அரசின் நிதி விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. நிலையங்கள் தனியாக இருக்க வேண்டும், சிக்னல் முன்னுரிமை இருக்க வேண்டும், வாரநாளின் பெரும்பகுதி அடிக்கடி வண்டி ஓட வேண்டும். இவை இருந்தால் தனி லேன் இல்லாமலே ஒரு வகை பி.ஆர்.டி.யாகக் கணக்கு. வாஷிங்டன் அனுமதித்ததை நாம் விடுவானேன் என்று நாடெங்கும் கவுண்ட்டிகள் இந்த வகையில்தான் விழுகின்றன. ஃபிளாஷுக்கு மத்திய அரசு டைகர் என்ற போக்குவரத்து மானியமாக ஒரு கோடி டாலர் கொடுத்தது.

இருந்தாலும் ஃபிளாஷைப் பழிக்க எனக்கு மனமில்லை. 2016-இல் லெகெட் நான்கு வருஷத்தில் ஓடவிடுகிறேன் என்று சொன்னார். கொரோனா நடுவிலும் ஓடியது. பக்கத்திலேயே பர்ப்பிள் லைன் என்ற 16 மைல் ரயில் வேலை 2017-இல் தொடங்கி, 2022-இல் ஓடியிருக்க வேண்டியது, நடுவில் ஒப்பந்தக்காரரே விலகி, இன்னும் இழுத்துக்கொண்டிருப்பதை நினைத்தால், சொன்ன வருஷத்தில் ஓடிய பேருந்து பெரிய சாதனைதான். அதுவரை பேருந்தையே பார்க்காத பல பேரை அந்த மேடை ஏற்றியது.

என் ஆட்சேபம் வேறு. யு.எஸ். 29 ஏன் முதலில்? ஓரப்பாதை தயாராக இருந்தது, நிலம் வாங்க வேண்டாம், யாரிடமும் லேனைப் பிடுங்க வேண்டாம். சுலபமானது முதலில் நடந்தது. கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தால் முதலில் வந்திருக்க வேண்டியது வீர்ஸ் மில். ராக்வில்லுக்கும் வீட்டனுக்கும் இடையே ஏழு மைல். அந்த 'யு' எழுத்தின் இரண்டு கால்களையும் இணைக்கும் குறுக்குக்கோடு. கியூ வரிசை மெட்ரோபஸ்கள் பல காலம் அங்கே நின்றுகொண்டு போகும் கூட்டத்தோடு ஓடின. ஏறுகிறவர்கள் யார்? ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறவர்கள், வீடு துடைக்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகும் சால்வடோர்க்காரர்கள். அவர்களுக்குப் பேருந்து விருப்பப் பாடம் அல்ல. பேருந்து தாமதமானால் சம்பளம் வெட்டு. ஒரு தடத்தில் ஏற்கெனவே இத்தனை பேர் இப்படிப்பட்ட சேவையையே சகித்துக்கொண்டு போகிறார்கள் என்றால், அங்கே போட்ட பணம் முதல் நாளே பலன் கொடுக்கும். வீர்ஸ் மில் இப்போது வரிசையில் அடுத்து நிற்கிறது.

அந்தச் சாலையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பேருந்து எவ்வளவு அருமையாக இருந்தாலும் நிலையத்துக்கு நடந்து போக வேண்டும். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டும். புறநகர்ப் பெருஞ்சாலை ஆறு லேன், நாற்பது ஐம்பது மைல் வேகம், ஒரு சிக்னலுக்கும் அடுத்ததுக்கும் கால் மைலுக்கு மேல். மேத்யூ ஹென்சன் நடைபாதை வீர்ஸ் மில்லைக் குறுக்கிடும் இடத்தில் சைக்கிளில் வந்தவர்கள் உயிரிழந்த பிறகுதான் சிக்னல் வந்தது. 2013 வரைபடத்தில் தடம் தடித்த கோடாக இருக்கிறது; நிலையம் ஒரு வட்டம். அந்த வட்டத்தைச் சுற்றிலும் கால் மைல் நடந்து பாருங்கள். நடைபாதை நடுவில் விளக்குக் கம்பம், குளிர்காலத்தில் சாலையிலிருந்து தள்ளிய பனி மலைபோல. பி.ஆர்.டி. கட்டுமானச் செலவில் கணிசமான பங்கு பேருந்துக்குப் போகாமல் இந்த நடைபாதைக்கும் குறுக்குக் கடவைக்கும் போனால் வீண் என்று யாராவது சொன்னால், அவர் பேருந்தில் போனதில்லை என்று அர்த்தம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சொத்துவரியை விலைவாசி ஏற்றத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் அப்போது கவுன்சிலின் ஒன்பது உறுப்பினரும் ஒருமனதாகக் கைதூக்க வேண்டும் என்பது கவுண்ட்டி சாசன விதியாக இருந்தது. அதைச் சுற்றிப்போக 2015-இல் தனியாக வரி போடும் அதிகாரத்தோடு ஒரு போக்குவரத்து ஆணையம் அமைக்க லெகெட் சட்டம் கொண்டுவரப் பார்த்தார். எதிர்ப்பு வெடித்தது, மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதிலிருந்து ஒவ்வொரு தடமும் ஒவ்வொரு மானியத்தை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறது.

கிளார்க்ஸ்பர்க்கிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்கள் கதை தனிக்கதை. 1994-இல் கிளார்க்ஸ்பர்க் திட்டம் போட்டபோதே, ஷேடி குரோவிலிருந்து உங்கள் ஊர் வரை, முன்பு சொன்ன காரிடார் சிட்டீஸ் டிரான்சிட்வே வரும் என்று நம்பித்தான் அத்தனை வீடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். ரயிலா பேருந்தா என்று வெகுகாலம் வாதம் நடந்து, 2012-இல் ஆளுநர் மார்ட்டின் ஓமாலி காலத்தில் பேருந்து என்று முடிவானது. வழியில் நிலமும் ஒதுக்கினார்கள். சில குடியிருப்புகளில் புல்வெளி நடுவில் நீளமாக ஒன்றும் கட்டாமல் விட்டிருக்கிறார்களே, அதுதான். 2019-இல் மாநிலம் கைகழுவிவிட்டது. வீடுகள் வந்தன, பிள்ளைகள் வந்தார்கள், பள்ளிக்கூடம் வந்தது, தடம் வரவில்லை. 2022-இல் கவுண்ட்டி அந்த நீண்ட ஒற்றைத் தடத்தைத் துண்டுதுண்டான இணைப்புகளாக மாற்றி எழுதியது. 355-இல் பெதஸ்டாவிலிருந்து கிளார்க்ஸ்பர்க் வரை 22 மைல் தடம்தான் இனி உங்களுக்கு முதல் நம்பிக்கை.

வலைப்பின்னல் என்கிறோமே, அது என்ன? பத்துத் தடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது பத்துத் தடம். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறக் காத்திருக்கும் நேரம் சகிக்கக்கூடியதாக இருந்தால்தான் வலை. ஓர் உதாரணம் சொல்கிறேன். லான்ஹாமில் சிவா விஷ்ணு கோயிலும் முருகன் கோயிலும் இருக்கின்றன. நம் கவுண்ட்டியிலிருந்து எத்தனை குடும்பம் அங்கே போகிறது! ஜெர்மன்டவுனில் ஓர் அம்மா, கார் ஓட்டத் தெரியாது, கிருத்திகைக்கு முருகனைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். எல்லாம் திட்டப்படி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 355 தடத்தில் ஏறி பெதஸ்டா. அங்கே பர்ப்பிள் லைன். அதன் கடைசி நிலையம் நியூ கரோல்டன். அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தில் கோயில். மூன்று ஏற்றம், இரண்டு மாற்றம். முதல் இரண்டும் எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் அம்மா போய்விடுவார். அந்தக் கடைசி உள்ளூர்ப் பேருந்து ஞாயிற்றுக்கிழமை மணிக்கு ஒன்று என்றால், முதல் இரண்டுக்கும் கொட்டிய கோடிகள் அந்த அம்மாவைப் பொறுத்தவரை பூஜ்யம். அதுவும் கோயில் இருப்பது பக்கத்துக் கவுண்ட்டியில். அந்தப் பேருந்துக்கு வேறு அலுவலகம், வேறு நிதி. திட்டக்காரர்கள் வார நாள் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை உள்ள வேலைப் பயணத்தை வைத்தே எல்லாவற்றையும் அளக்கிறார்கள். ஞாயிறு மதியத்தை அளந்த ஒரு படத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

அதனால்தான் இளைஞர்கள் என்னிடம் எத்தனை மைல் என்று கேட்டால், மைலை விடுங்கள், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள் என்பேன். நாற்பது மைலில் நாள் முழுக்க, ஞாயிறு உட்பட, எட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. இதை நூறு மைலில் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்பதைவிட மேலாக நினைக்கிறேன். இதில் என்னோடு உடன்படாதவர்கள் உண்டு. வடக்கேயும் கிழக்கேயும் ஓரமாகக் கிடக்கும் ஊர்களுக்கு இது அநீதி என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பங்கிட்டால் கார் சாவியைக் கீழே வைக்க ஒருவருக்கும் தைரியம் வராது.

355 தடத்துக்கு ராக்வில்லிலிருந்து ஜெர்மன்டவுன் வரையிலான நடுப்பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். பொதுக்கூட்டங்கள் நடக்கும், கருத்துக் கேட்பார்கள். போங்கள். போனால் சுவரில் வண்ண வண்ணமாக நிலையத்தின் படம் மாட்டியிருக்கும், மரம் போட்டு, சிரித்த முகத்தோடு மனிதர்களைப் போட்டு. அதைக் கடந்து உள்ளே போய், சாலையின் குறுக்குவெட்டுப் படம் எங்கே என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்திப்பில் கேளுங்கள்: இடமிருந்து வலமாக நடைபாதை எத்தனை அடி, கார் லேன் எத்தனை, பேருந்து லேன் நடுவிலா ஓரத்திலா, அது எந்தச் சந்திப்பில் தொடங்கி எந்தச் சந்திப்பில் காணாமல் போகிறது? சந்திப்பில்தான் காணாமல் போகும்; நெரிசல் இருப்பதும் அங்கேதான். காணாமல் போகும் இடத்தைக் குறித்துக்கொண்டு அந்த அடிக்கணக்கோடு கவுன்சில் உறுப்பினருக்கு எழுதுங்கள். 'பேருந்து வேண்டும்' என்று எழுதும் கடிதத்துக்கு 'நன்றி' என்று பதில் வரும். 'இந்தச் சந்திப்பில் தென்திசை லேன் முந்நூறு அடிக்கு ஏன் இல்லை' என்று எழுதினால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும்.

355-இன் குறுக்குவெட்டுப் படங்கள் சிலவற்றை அச்செடுத்து அந்த மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறேன். பக்கத்தில் அளவுகோலும் இருக்கிறது. தேநீர் வந்துவிட்டது என்கிறார்கள். குடித்துக்கொண்டே வந்து பாருங்கள், கேள்விகளை அங்கே வைத்துக்கொள்ளலாம்.